பத்துக்குக் குறைவு

பத்தும் அதற்கு மேலும் என்றால் எண்.
பத்துக்குக் கீழே இறங்கினால்
நட்சத்திரக் குறி.
ஆளை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று
எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி.

ஆறு வருடமாய் வின்சரின் கட்டங்களை
நான்தான் நிரப்புகிறேன்.
கார் உதிரிப்பாகம்: பெரிய வட்டம்,
அது இருமினால்
ஆற்றுக்கு அந்தப் பக்கம் டெட்ராய்ட்டில்
யாரோ போர்வையை இழுத்துக்கொள்கிறார்கள்.
லெமிங்டன் பக்கம் கண்ணாடிப் பண்ணைகள்:
தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய்,
எட்டு மாத விசாவில் வந்த கைகள்.
அவர்களுக்குத் தனித் தாள்.
குடியிருப்போர் கணக்கில் வரமாட்டார்கள்,
விளைச்சல் கணக்கில் வந்துவிடுவார்கள்.

கிளஸ்டருக்கு உன் மொழியில் என்ன
என்று கேட்டாள் பக்கத்து மேசை நஜ்வா.
கொத்து, என்றேன்.
சாவிக்கொத்து, பூங்கொத்து,
கோழி கொத்துவது, பாம்பு கொத்துவது,
ஸ்கார்பரோவில் இரவு பதினொரு மணிக்கு
இரண்டு தகடுகளால் ரொட்டியைக் கொத்துவது,
எல்லாம் அதே சொல்தான்.
சிரித்தாள்.
கொத்துக் கொத்தாய் என்று நாங்கள் எதையெல்லாம் சொன்னோம்
என்பதைச் சொல்லவில்லை.

மார்ச் மாதம் நூலகத்தில்
வரைபடத்தை விரித்து வைத்தோம்.
கோப்பி, டோனட், கருத்துப் படிவம்.
வந்தவர்களை எண்ணிப் பார்த்தால்
அவர்களுக்கே ஒரு நட்சத்திரம் போட வேண்டியிருக்கும்.
அவர்களில் மிலோராத்.
பிளாஸ்டிக் வார்ப்புக்கு எஃகு அச்சு செய்கிறவர்.
வட்டங்களின்மேல் விரலை ஓட்டி
"இதில் நான் எங்கே?" என்றார்.

ஊரைக் கேட்டேன், தொழிலின் குறியீட்டைத் தேடினேன்.
வரிசையும் நிரலும் முட்டுகிற இடத்தில்
நட்சத்திரம்.
"இதுவா?"
"இதுதான்."
"அப்ப பக்கத்தில் இருக்கிறது?"
மொத்தத்திலிருந்து கழித்துப் பார்த்து
உங்களைக் கண்டுபிடித்துவிடுவார்களே,
அதனால் அங்கேயும் ஒன்று, என்றேன்.
பக்கத்துக் கட்டத்தில்
கார் இருக்கைக்கு உறை தைக்கும் பதினாறு பேர்.
ஒரு தப்பும் செய்யாதவர்கள்.
இவருக்காக மறைந்திருக்கிறார்கள்.

"நாங்கள் எட்டுப் பேர்," என்றார், நான் கேட்காமலே.
என் கோப்பில் ஏழு.
பெயர் சொல்லிச் சொல்லி விரல் மடக்கினார்.
எட்டாவது விரல் மடங்காமல் நின்றது.
"அவன் இன்னும் வரவில்லை.
பதினான்கு மாதமாய் விளம்பரம் போடுகிறோம்.
லாக்கர் துடைத்து வைத்திருக்கிறோம்.
பெயர் ஒட்டத்தான் பாக்கி."

கல்லூரியில் கேட்டேன்.
பன்னிரண்டு மாணவர் சேராமல்
அச்சு வகுப்பு திறக்க முடியாதாம்.
தொழிற்சாலைகளைக் கேட்டேன்.
படித்து முடித்தவனை அனுப்புங்கள், பார்க்கலாம் என்றார்கள்.
மேலாளர் லோரேன் கண்ணாடியைக் கழற்றினார்:
"ஒரு காலியிடத்தை வைத்துக்கொண்டு
போக்கு என்று எழுத முடியாது."
உண்மைதான்.
நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அன்றிரவு மூன்றாம் நெடுஞ்சாலையில் வீடு திரும்பும்போது
கண்ணாடிப் பண்ணைகளின் வெளிச்சம்
மேகத்தின் அடிவயிற்றைச் செம்மஞ்சளாக்கியிருந்தது.
இரவென்று தெரியாமல் தக்காளி பழுத்துக்கொண்டிருந்தது.
வானத்தில் ஒரு நட்சத்திரமும் இல்லை.
போன வாரம் அர்ச்சனைச் சீட்டு எழுதியவர் கேட்டார்:
பெயர்? நட்சத்திரம்?
சதயம் என்றேன்.
சதம் என்றால் நூறாம்.
மறைக்கத் தேவையில்லாத எண்.

அறிக்கையின் எழுபத்தொன்றாம் பக்கத்தில்,
அடிக்குறிப்பில்,
எறும்பு அளவு எழுத்தில் ஒரு திருத்தம் செய்தேன்:
*பத்துக்குக் குறைவு, அல்லது இன்னும் வராதவர்.
திங்கட்கிழமை லோரேன் அதைப் பார்த்துவிட்டார்.
நீக்கினார்.
காற்புள்ளியை மட்டும் கவனிக்கவில்லை.
அச்சாகி வந்துவிட்டது,
மாவட்டம் முழுக்க முந்நூறு பிரதி:
*பத்துக்குக் குறைவு,